பலப்பம் தின்ற வாய்

பலப்பம், அதாவது சிலேட்டுக் குச்சி, தின்னாத பிள்ளை எங்கள் ஒன்றாம் வகுப்பில் கிடையாது. திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். புதுப் பலப்பத்தின் நுனியைக் கடித்தால் நறுக்கென்று உடையும். நாக்கில் வைத்ததும் எச்சிலை உறிஞ்சிக்கொண்டு ஒட்டும்; பிறகு மாவாகக் கரைந்து மண்வாசனை மூக்குவரை ஏறும். சாம்பல் நிறத்துக் கல்பலப்பம் வெறும் கரகரப்பு, வெள்ளைதான் ருசி. என் கூட்டாளி ஒருத்தி அதைத் துண்டு துண்டாக உடைத்துப் பாவாடை நுனியில் முடிந்து வைத்திருப்பாள். வீட்டில் தெரிந்தால் போச்சு. "வயித்துல பூச்சி வெக்கும்டீ" என்று ஆயா விளக்கெண்ணெயோடு வந்துவிடும்.

எழுதியதை அழிக்க எச்சில். சிலேட்டு வெளுத்துப்போனால் வேலியில் கோவை இலை பறித்து, அடுப்புக்கரியோடு கசக்கித் தேய்ப்போம். கன்னங்கரேல் என்று ஆகிவிடும். மரச்சட்டம் போட்ட அந்தக் கல் சிலேட்டுக்குப் பேர்போன ஊர் ஆந்திராவின் மார்க்காபூர். அங்கே பூமிக்கடியில் ஏடு ஏடாகப் பிளக்கும் பலகைக்கல் கிடக்கிறது.

கல்லுக்கு முன்னால் மணல்தான் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, விரலால் 'அ' போட்டுக் கை பழகிய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். விவரம் தெரிந்த பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அதோடு சேர்த்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். அடுத்த நூற்றாண்டில் பள்ளிகள் பெருகப் பெருக, மணல் இருந்த இடத்துக்குச் சிலேட்டும் குச்சியும் வந்தன.

மணலில் எழுதிய பிள்ளைகளும் யாரும் பார்க்காதபோது ஒரு சிட்டிகை வாயில் போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். மண் தின்னும் ஆசை நமக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 20-ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் சேர மன்னனைப் புகழும்போது, அவன் நாட்டு மண்ணை மசக்கைக்காரிகள் ஆசைப்பட்டு உண்பதைத் தவிரப் பகைவர் உண்ண முடியாது என்கிறார். மன்னனின் வீரத்தைச் சொல்ல வந்த இடத்தில் பெண்களின் மசக்கையைக் கொண்டுவந்து வைத்த அந்தப் புலவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

நான் ஆசிரியையாகி, ஒன்றாம் வகுப்பையே வருஷக்கணக்கில் எடுத்தேன். பலப்பம் தின்றதற்காகப் பிள்ளைகளை வாயிலேயே அடித்த காலம் அது. இரும்புச்சத்துக் குறைந்த உடம்பு இப்படிக் கல்லையும் மண்ணையும் கேட்கும் என்று டாக்டர்கள் சொல்லிக் கேட்டபோது, அடி வாங்கிய முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. இப்போது பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை ரோஸ் நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த மாத்திரை என் கூட்டாளிக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

பலப்பம் எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. குச்சி அறுக்கும் தொழில் பெரிதாக நடந்த இடம் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர். மின்சார ரம்பத்தில் கல்லை அறுக்கும்போது கிளம்பும் தூசி தொழிலாளிகளின் நுரையீரலில் போய்ப் படிந்தது. சிலிகோசிஸ். மூச்சிரைப்பு வரும், உடம்பு உருகும். படிந்த தூசியை வெளியே எடுக்க மருந்து கிடையாது. இளம் வயதிலேயே ஆண்கள் செத்தார்கள். அந்தத் தொழிலாளிகளுக்கென்று 1982-இல் அந்த மாநிலம் ஒரு நலநிதிச் சட்டம் போட்டது. அதற்குள் நாங்கள் நோட்டுக்கும் பேனாவுக்கும் மாறி, பலப்பத்தின் ருசியை மறந்திருந்தோம்.