சைகோனிலிருந்து வந்த மீன்

புதுச்சேரியில் சில பழைய வீடுகளில் பொரித்த மீன்மேல் புளிப்பும் இனிப்புமாக ஒரு சாறு ஊற்றுவார்கள். உங்களில் சிலர் சாப்பிட்டிருப்பீர்கள். அது சைகோன் வழக்கம். 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற 'ரெனோன்சான்' குடும்பத்தார் பலர் இந்தோசீனாவில் அரசாங்க வேலை பார்த்தனர்; சிலர் அங்கேயே மணமுடித்தனர். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி அங்கும் இங்கும் முடிய, பலர் ஊர் திரும்பினர். 1975-இல் சைகோன் விழுந்தபின் இன்னும் சிலர்.

மீனைக் கீறி மொறுமொறுப்பாகப் பொரித்து, பூண்டு வதக்கி, தக்காளி, சர்க்கரை, வினிகர், நுவோக் மாம் சேர்ப்பார்கள். நெத்திலியை உப்பிட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடித்த நீர் அது. வாடை ஊரைக் கூட்டும். அது இல்லையென்றால் வெறும் தக்காளித் தொக்குதான்.

நான் படித்த சரித்திர நூல்கள் துய்ப்ளேக்சை விட்டு நகர்வதில்லை. எங்கள் தெருவுக்கு வந்த வியட்நாமிய அம்மா சேலை கட்டினார், தமிழ் பேசினார். நுவோக் மாமை மட்டும் கடைசிவரை விடவில்லை.