நிலவறையும் கடலடிக் கம்பியும்

மின்சுற்றைக் கையாற் கற்கும் முறை தூய அறிவார்வத்தால் மட்டுமே வேரூன்றியதெனக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. கிளாஸ்கோவில் 1846இற் பேராசிரியரான வில்லியம் தொம்சன், பழைய வைன் நிலவறையொன்றில், தாமாக முன்வந்த மாணவரை அளவீட்டில் ஈடுபடுத்தினார். வணிகச் செம்பின் மாதிரிகள் மின்கடத்துதிறனிற் பெரிதும் வேறுபடுவதை 1857இல் வெளியிட்டார். அத்திலாந்திக் கம்பியில் முதலிட்டோருக்கு இது இலாபநட்டக் கணக்கு. 1858இல் இடப்பட்ட கம்பி, மிகையான மின்னழுத்தமும் செலுத்தப்பட்டுச் சில வாரங்களிற் செயலிழந்தபின், நுண்ணளவீடு மூலதனத்தின் தேவையாயிற்று.

கேம்பிரிட்ஜிலோ, மாணவர் பரிசோதனையைக் காணவேண்டியதில்லை, ஆசிரியர் சொல்லை நம்பினாற் போதும் என 1873இலும் தொட்ஹன்ரர் வாதிட்டார்; கையுழைப்பை இழிவெனக் கருதிய வர்க்க மனப்பாங்கையே நாம் இதிற் காண்கிறோம். 1866இற் கம்பி வென்றது. தொம்சன் 'சேர்' பட்டம் பெற்றார். நிலவறையில் மின்தடையை அளந்தவருட் பெரும்பாலோரின் பெயர்களை நாம் அறியோம்.