எட்வர்டு ரோஜா

தாம்பரம், சேலையூர், முடிச்சூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில், இளஞ்சிவப்பு நிறத்தில் நல்ல வாசனையோடு பூக்கும் நாட்டு ரோஜா எதுவானாலும் 'பன்னீர் ரோஜா' என்றே சொல்லிவிடுகிறோம். அவற்றுள் சில உண்மையில் எட்வர்டு ரோஜா.

ஏழாம் எட்வர்டு மன்னரின் பெயரால் வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் பிறந்ததோ 1841இல். இந்த ரோஜா அதற்கு முன்பே இருந்தது. பிரெஞ்சில் 'ரோஸ் எதுவார்' என்ற பெயர்தான் நம் நாவில் எட்வர்டு ஆயிற்று.

இந்தியப் பெருங்கடலில் உள்ள பூர்போன் தீவில் (இன்றைய ரீயூனியன்) நிலங்களுக்கு ரோஜாவால் வேலி அமைப்பார்கள். அடிக்கடி பூக்கும் சீன ரோஜாவும், மணம் மிக்க டமாஸ்க் ரோஜாவும் வேலியில் கலந்து நின்றன. இரண்டும் இயற்கையாக இணைந்து புதிய செடி பிறந்தது. 1817இல் அங்கு வந்த தாவரவியலாளர் பிரெயோன் அதைக் கவனித்தார். 1819இல் அவர் அனுப்பிய விதைகளை ஓர்லியான் கோமகனின் தோட்டக்காரர் ழாக் முளைக்கவைத்தார். ஐரோப்பாவின் 'பூர்போன்' ரோஜா இனம் அதிலிருந்து கிளைத்தது.

அடையாளம் காண முள்ளைப் பாருங்கள். பன்னீர் ரோஜாவின் தண்டில் சிறிதும் பெரிதுமாக முட்கள் நெருக்கமாக இருக்கும். இலை மங்கலாக, அடிப்புறம் மெல்லிய ரோமத்துடன் இருக்கும். எட்வர்டில் முட்கள் குறைவு, கொக்கிபோல் வளைந்தவை. இலையில் சற்றுப் பளபளப்பு உண்டு. பூவை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். நான் பல ஆண்டுகள் ஏமாந்தவன்.

ரோஜா ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகவும் எட்வர்டு பயன்படுகிறது. ஆசையாக வாங்கிய ஒட்டு ரோஜா பட்டுப்போனபின், ஒட்டுக்குக் கீழிருந்து துளிர்ப்பது சில வீடுகளில் இதுதான். பெயரில்லாமலே பிழைத்துக் கிடக்கிறது.

பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியை நட்டாலே வேர்பிடிக்கும். நல்ல வெயில் வேண்டும். கவாத்து அக்டோபர் முதல் டிசம்பருக்குள். நம் பகுதியில் பெரிய எதிரி தேங்கும் மழைநீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் வீட்டுச் செடி வேர் அழுகிப் போயிற்று. முன்பு நான் குச்சி கொடுத்திருந்த அடுத்த தெருக்காரரிடமிருந்தே ஒரு குச்சி திரும்ப வாங்கி நட்டேன். இப்போது மொட்டைமாடித் தொட்டியில் இருக்கிறது.