மியூனிக் கஞ்சியும் பாப்பாக்குறிச்சிச் சோறும்

சத்துணவின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், சொந்த நாட்டில் துரோகி என்று பெயர் வாங்கிய ஓர் அமெரிக்கர் எதிர்ப்படுகிறார். பெஞ்சமின் தாம்சன். விடுதலைப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்று, கடல் கடந்து, பவேரியாவில் வேலைக்குச் சேர்ந்து, ரம்ஃபோர்டு பிரபு ஆனவர். வெப்பத்தை ஆராய்ந்த விஞ்ஞானியும்கூட.

1790 புத்தாண்டு நாளில் மியூனிக் தெருக்களில் இருந்த பிச்சைக்காரர்களைத் திரட்டி ஒரு வேலைக்கூடத்தில் சேர்த்தார். அத்தனை பேருக்கும் மலிவாகச் சோறு போட வேண்டுமே! பார்லி, உலர்ந்த பட்டாணி, உருளைக்கிழங்கு சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிட்ட கெட்டிக் கஞ்சி பிறந்தது. அன்றைய பவேரியர்களுக்கு உருளைக்கிழங்கு என்றாலே முகச்சுளிப்பு. அதனால் தனி அறையில் ரகசியமாக வேகவைத்து, உருத் தெரியாமல் குழைத்துக் கலந்தார்களாம். ருசி பிடித்துப்போன பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

இந்தக் கஞ்சியைப் பார்த்து லண்டனிலும் பாரிசிலும் தர்மவான்கள் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். கெர்ன்சித் தீவில் அரசியல் அகதியாக இருந்த பிரெஞ்சு எழுத்தாளர் விக்தர் யூகோ, 1862 முதல் ஏழைக் குழந்தைகளை வாராவாரம் வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார். 1889இல் ஜப்பானின் சுருவோகா நகரில், புத்தத் துறவிகள் நடத்திய பள்ளி சோற்றுருண்டையும் உப்பு மீனும் தந்தது. எல்லாம் நல்ல மனம்தான். ஆனால் கொடுப்பவர் ஊர் மாறினாலோ கை ஓய்ந்தாலோ பந்தியும் முடிந்துவிடும்.

அரசை அடுப்படிக்கு இழுத்து வந்தது இரக்கத்தைவிட ராணுவக் கவலை. போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, வந்தவர்களில் எத்தனையோ பேர் நோஞ்சான்கள் என்று கண்டு பிரிட்டன் திடுக்கிட்டது. விரும்பும் உள்ளாட்சிகள் வரிப்பணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடலாம் என்று 1906இல் சட்டம் வந்தது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? தர்ம காரியங்களை ஒருங்கிணைக்கவென்றே லண்டனில் இயங்கிய சங்கத்தார்! அரசு சோறு போட்டால் பெற்றோருக்குப் பொறுப்பு போய்விடும் என்றார்கள். நம் டீக்கடைகளில் இலவசங்களைப் பற்றி இன்றும் கேட்கும் பேச்சுதான்.

1920இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி தர முடிவெடுத்தது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்குள் செலவு. கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு மறுக்க, 1925இல் அது நின்றது. அரசு கொடுத்தாலும் நிற்கும், மேலே இருப்பவர் நினைத்தால்.

1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில் அரசுப் பணத்தோடு ஊர்க்காரர்கள் கொடுத்த பணமும் தானியமும் சேர்ந்தன. 1961இல் 'கேர்' என்ற அமெரிக்க அறநிறுவனம் பால்மாவும் எண்ணெயும் கொண்டுவந்தது. போரில் நொந்த ஐரோப்பாவுக்கு உணவுப் பொட்டலம் அனுப்ப 1945இல் பிறந்த அமைப்பு அது. அது கொடுத்த சரக்கில் பெரும்பகுதி, அமெரிக்க விவசாயிகளிடம் மிஞ்சியதை அந்நாட்டு அரசே வாங்கி அளித்தது. தர்மம் என்று நாம் குடித்த பாலுக்கும் எங்கோ ஒருவர் வரி கட்டியிருந்தார்!

1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது, கஜானா தாங்காது என்றார்கள். தாங்கியது. பிற்பாடு பெங்களூரில் தொடங்கிய அட்சய பாத்திரா போன்ற அமைப்புகள் ராட்சத சமையல்கூடங்கள் கட்டி நன்றாகவே சமைக்கின்றன; அவற்றின் உலையிலும் அரசு தரும் அரிசி வேகிறது.

2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசு ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. எந்த வள்ளலுக்கும் நீதிமன்றம் அப்படி உத்தரவு போட முடியாது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சோற்றைப் பிள்ளைகளின் சட்ட உரிமையாகவே எழுதிவைத்தது.