மலைமுகட்டின் முழுநோக்கு: அகலப்பரப்பு ஒளிப்படத்தின் வரலாறும் பயனும்

மலையுச்சியை அடைந்த ஒருவர் தம்மைச் சூழ்ந்துள்ள நிலப்பரப்பு முழுவதையும் ஒரே பார்வையிற் கண்டுவிட முடியாது. கண்ணின் எல்லை குறுகியது. ஆதலின் உடலைத் திருப்பித் திருப்பியே அதனை நோக்கவேண்டியுள்ளது. இவ்வாறு பகுதி பகுதியாகக் காண்பதை ஒரே படமாக்கும் முயற்சியே பனோரமா எனப்படும் அகலப்பரப்புக் காட்சியின் தோற்றுவாயாகும். இன்று மலையேறுவோர் கைத்தொலைபேசியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லத் திருப்பிச் சில விநாடிகளில் இதனைச் செய்துமுடிக்கின்றனர். இவ்வெளிமைக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு கால வரலாறு உண்டு. அறிவியல் தேவை, கேளிக்கை ஆர்வம் என்னும் இரு போக்குகள் அவ்வரலாற்றில் எவ்வாறு பிரிந்தும் இணைந்தும் வந்துள்ளன என்பதையும், அதனாற் பெற்றவை இழந்தவை யாவை என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற் போக்கின் தொடக்கத்தை அல்ப்ஸ் மலையிற் காணலாம். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கையியலாளர் டி சொசூர் 1776இல் புயே மலையுச்சியை அடைந்தார். அங்கிருந்து தெரிந்த சிகரங்களை வட்டவடிவிற் காட்டும் படமொன்று பூரி என்பவரால் வரையப்பட்டு, 1779இல் வெளிவந்த சொசூரின் நூலில் இடம்பெற்றது. நோக்குபவர் வட்டத்தின் நடுவில் இருப்பதாகக் கொண்டு, தாளைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கவேண்டிய படம் அது. எச்சிகரம் எத்திசையில் உள்ளது என அறிவதே அதன் பயன்.

இரண்டாவது போக்கு நகரத்திற் பிறந்தது. ஓவியர் றொபேட் பாக்கர், எடின்பரோவின் கால்ற்றன் குன்றிலிருந்து தெரிந்த காட்சியை உருளைவடிவச் சுவரில் முழுவட்டமாகத் தீட்டும் முறையை வகுத்து, 1787இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஓவியத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பார்வையாளருக்குத் தெரியாதவாறு மறைக்கப்பட வேண்டும் என்பது அவரது விதிகளுள் ஒன்று. 1793இல் லண்டன் லெஸ்ரர் சதுக்கத்தில் அவர் அமைத்த வட்டமண்டபத்தில் மக்கள் கட்டணம் செலுத்தித் தொலைதூரக் காட்சிகளைக் கண்டு வியந்தனர். கிரேக்க மொழியில் ‘முழுமை’, ‘காட்சி’ எனப் பொருள்படும் சொற்களின் சேர்க்கையான ‘பனோரமா’ வழக்குக்கு வந்ததும் இக்காலத்திலேயே. சொசூரின் படம் அறிவதற்கு உதவியது. பாக்கரின் ஓவியம் அங்கேயே நிற்பதான மயக்கத்தை அளித்தது. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

ஒளிப்படக்கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளுள்ளேயே அகலப்பரப்புப் படங்களும் தோன்றின. 1840களின் நடுப்பகுதியில் பாரிசில் வொன் மார்ட்டென்ஸ் என்பவர், சுழலும் வில்லையும் வளைந்த தகடும் கொண்ட கமராவினால் ஏறத்தாழ 150 பாகை அகலத்தைப் படமாக்கினார். எனினும் மலைப்பகுதிகளில், தனித்தனிப் படங்களை எடுத்துப் பின்னர் அருகருகே ஒட்டும் முறையே பெரிதும் கைக்கொள்ளப்பட்டது. 1851இல் ஸ்கொட் ஆச்சர் வெளியிட்ட ஈரக்கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து உருத்துலக்க வேண்டியிருந்தது. ஆகவே இருட்கூடாரமும் இரசாயனப் பொருள்களும் மலைமேற் செல்லவேண்டியவாயின. 1866இல் இமயத்தின் மானிரங் கணவாயில், 18,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், சாமுவேல் போர்ண் இம்முறையிலேயே படமெடுத்தார்.

1871இல் மடொக்ஸ் முன்வைத்த ஜெலற்றின் முறையின் வழிவந்த உலர்தகடுகள் இருட்கூடாரத்தின் தேவையை நீக்கின. இவ்வசதியை உச்சநிலைக்குக் கொண்டுசென்றவர் இத்தாலியின் பியெல்லா நகரைச் சேர்ந்த விற்றோரியோ செல்லா (1859 - 1943) எனலாம். 1882இல் மற்றர்ஹோன் சிகரத்திலிருந்து அவர் முழுவட்டக் காட்சியைப் படமாக்கினார். பின்னர் கோக்கசு மலைகளுக்கு மும்முறையும், 1899இல் டக்ளஸ் பிறெஷ்பீல்டுடன் கஞ்சன்ஜங்காவைச் சுற்றியும், 1909இல் அப்றுசிக் கோமகனுடன் காரக்கோரத்துக்கும் சென்றார். 30 சென்ரிமீற்றருக்கு 40 சென்ரிமீற்றர் அளவுடைய அவரது தகடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுடையது. பால்ட்டோரோப் பனியாற்றின் அகலப்பரப்புப் படங்கள் அழகும் துல்லியமும் ஒருங்கே வாய்ந்தவை. அறிவியற் போக்கும் காட்சியின்பப் போக்கும் செல்லாவின் படங்களில் ஒன்றிணைந்தன எனக் கூறுவது பொருந்தும்.

ஆயினும் அத்தகடுகளைச் சுமந்தவர் யாவர் என்னும் வினா எழுகின்றது. காரக்கோரத்தில் அப்பயணத்தின் சுமைகள் பால்ற்றி மக்களின் முதுகுகளிலேயே சென்றன. சிகரங்களுக்குப் பெயர் சூட்டிய பயண நூல்கள், இச்சுமையாளர்களுட் பெரும்பாலோரைத் தொகையாகவே குறித்தன. ஒரு தனிமனிதரின் பார்வையாகப் போற்றப்படும் அகலப்பரப்புப் படம், உண்மையிற் பலரது கூட்டுழைப்பின் விளைபொருளாகும்.

கனடாவில் இக்கலை நேரடியாக நில அளவைக்குப் பயன்பட்டது. அளவையாளர் நாயகமாக விளங்கிய எட்வார்ட் டெவிலின் வழிகாட்டலில், 1880களின் பிற்பகுதியிலிருந்து அளவையாளர்கள் றொக்கி மலைகளின் உச்சிகளிலிருந்து சுற்றுவட்டக் காட்சிகளைப் படமெடுத்து, அவற்றிலிருந்து கோணங்களைக் கணித்து வரைபடம் வரைந்தனர். 1915இல் பிரிட்ஜ்லண்ட் ஜாஸ்பர் பகுதியில் 92 நிலையங்களிலிருந்து 735 படங்களை எடுத்தார். கமரா மட்டமாக நிற்கவேண்டும். ஒரே புள்ளியிற் சுழலவேண்டும். நின்ற இடம் பதிவுசெய்யப்பட வேண்டும். இம்மூன்று நியதிகளே படத்தைச் சான்றாக்கின.

கைத்தொலைபேசியின் முறை வேறானது. 2003இல் பிரித்தானியக் கொலம்பியப் பல்கலைக்கழகத்தின் மத்தியூ பிறவுண், டேவிட் லோ ஆகியோர், படங்களுக்கிடையேயுள்ள பொதுக்கூறுகளைக் கணினி தானே இனங்கண்டு இணைக்கும் வழியை வெளியிட்டனர். 2011இல் அன்ட்ரொயிட் 4.0 தொலைபேசிகளிலும், 2012இல் அப்பிள் தொலைபேசிகளிலும் அகலப்பரப்பு வசதி இடம்பெற்றது. தொலைபேசி திரும்பும் வேகத்தை அதன் உணரி அளவிடுகின்றது. ஒன்றன்மேலொன்று படியும் படங்கள் தொடர்ந்து எடுக்கப்பட்டுப் பொருத்தப்படுகின்றன. ஆனால் கையை நீட்டியவாறு உடலைத் திருப்புவோரின் கமரா ஒரே புள்ளியிற் சுழல்வதில்லை. சிறு வட்டமொன்றில் நகர்கின்றது. தொலைவிலுள்ள சிகரங்கள் இதனாற் பாதிக்கப்படுவதில்லை. அருகிலுள்ள பாறையோ உடைந்து தோன்றலாம். நேரான பாதை வளைவதும், நடந்து செல்பவர் இருமுறை தோன்றுவதும் உண்டு. செல்லாவின் படங்களில் ஒட்டிய இடம் கோடாகத் தெரியும். தொலைபேசி அக்கோட்டை மறைத்துவிடுகின்றது. விளிம்பை மறைக்க விரும்பிய பாக்கரின் மரபே இங்கு மேலோங்கியுள்ளது.

இவ்வேறுபாடு வெறும் கலைநுட்பம் சார்ந்ததன்று. ஜாஸ்பரில் 1990களின் இறுதியில் ஆய்வாளர்கள் பிரிட்ஜ்லண்ட் நின்ற இடங்களுக்கே மீண்டும் சென்று படமெடுத்தபோது, புல்வெளிகளைக் காடு மூடியிருந்தமை புலனாயிற்று. 1921இல் மலோரி படமெடுத்த எவரெஸ்டின் றொங்புக் பனியாற்றை 2007இல் டேவிட் பிறிஷேர்ஸ் மீண்டும் படமெடுத்தார். பனியின் மேற்பரப்பு பெரிதும் தாழ்ந்திருந்தது. பபியானோ வென்றுரா 2009இல் காரக்கோரத்திலும் 2011இல் கோக்கசிலும் செல்லா முதலானோரின் பழைய படங்களுக்கு இணையான படங்களை எடுத்தார். கோக்கசுப் பனியாறுகள் வெகுவாகப் பின்வாங்கியிருக்க, காரக்கோரத்தில் மாற்றம் ஒப்பீட்டளவிற் குறைவாகவே இருந்தது. எல்லா மலைகளும் ஒரே விதமாக மாறுவதில்லை என்னும் நுண்ணிய உண்மையை இப்படங்களே கண்முன் நிறுத்தின.

இவ்வொப்பீடுகள் யாவும் முன்னோர் எங்கு நின்றனர், எப்போது நின்றனர் என்பதை அறிய முடிந்தமையாற் சாத்தியமாயின. இன்றைய தொலைபேசியும் நாளையும் நேரத்தையும் இடத்தின் ஆயங்களையும் படத்துடன் பதியவல்லது. ஆனால் படம் கைமாறும்போது இக்குறிப்புகள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன; அழகிய காட்சி மட்டுமே எஞ்சுகின்றது. அன்று சுமையாளர் பலரின் உழைப்பால் ஒருசிலருக்கே கிட்டிய முழுநோக்கு இன்று எளிய மலையேறிக்கும் உரியதாகியுள்ளது. இது வரலாற்றின் பேறு என்பதில் ஐயமில்லை. அவ்வாறு எடுக்கப்படும் படம் நூறாண்டு கழித்தும் பேசவேண்டுமாயின், அதனை எடுத்தவர் நின்ற இடமும் நின்ற நாளும் படத்தோடு சேர்ந்து வாழவேண்டும். சொசூர் வட்டத்தின் நடுவில் நோக்குபவருக்கு ஓர் இடம் வைத்தமையின் பொருளும் அதுவே.