கார்டைல் கட்டடம்

சென்னை அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் கூடும் முனையில், டபிள்யூ. இ. ஸ்மித் கம்பெனி என்னும் ஆங்கில மருந்து வணிக ஸ்தாபனத்தாருக்காக, ஜே. எச். ஸ்டீபன்ஸ் வகுத்த திட்டப்படி 1897-ஆம் ஆண்டில் எழுந்ததும், பிற்காலத்தில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம் என்ற பெயராலேயே பிரசித்தி பெற்றதுமான கடை மாளிகை.

இரண்டு வீதிகள் கூடுமிடத்தில் கடை வைப்பவனுக்கு ஒன்றுக்கு இரண்டாக முகப்பு வாய்க்கிறது என்பது எத்தேசத்து வணிகரும் அறிந்த சூட்சுமமாதலால், அரூர் நான்கு ரோட்டிலும் சரி, லண்டன் தெருக்கோடியிலும் சரி, முக்குக் கடைக்கென்று தனி மதிப்பு உண்டு. நம் பக்கத்துப் பழைய கடைவீதிகளில், தெருவை நோக்கிச் சுவரெழுப்பாமல் மரத்தூண் நாட்டி, மேலும் கீழும் காடியிட்ட சட்டங்களுக்கிடையே காலையில் கழற்றி இரவில் பூட்டும் நிரைப்பலகைகளை நிறுத்தி, வரிசை பிசகாதிருக்கப் பலகைதோறும் எண்ணெழுதி வைத்த முக்குக் கடைகள், பலகை கழன்றதும் இரு தெருவுக்கும் ஒருங்கே திறந்துகொள்ளும். இங்கிலாந்திலோ, குளிருக்கு அஞ்சிக் கடையைத் திறந்துபோட இயலாமையால், கட்டடத்தின் கூரிய முனையைச் சாய்வாகச் சீவி, அவ்விடத்தில் வாசலையும் அதன் இருமருங்கிலும் கண்ணாடிப் பலகணிகளையும் அமைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருவழக்காயிற்று.

ஸ்மித் கம்பெனியார் இவ்விரண்டு முறைகளில் எதிலும் திருப்தியடையாமல், கடைக்கு ஓர் அரண்மனைத் தோற்றத்தையே விரும்பினர். அதற்குச் சாதனமாக அமைந்தது இந்தோ-சாரசனிக் பாணி. மொகலாயரின் கும்மட்டம், மினார் ஆகியவற்றையும், நம் நாட்டுத் தூண் வேலைகளையும், ஆங்கிலேயரின் அறை வகுப்பையும் ஒன்றாகக் கலந்த அப்பாணி, சர்க்கார் கட்டடங்களுக்கு உரிய கம்பீரமாகச் சென்னையில் கருதப்பட்டு வந்தது. 1892-இல் முடிவுற்ற உயர்நீதிமன்றக் கட்டடம் அதன் உச்ச உதாரணம். அதன் நிர்மாணத்தில் கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வினுக்குத் துணைநின்ற ஸ்டீபன்ஸ், அங்கே பயின்ற வித்தையை மருந்துக் கடைக்குக் கொண்டுவந்தார் என்பது சுவாரசியமான செய்தி. நீதிபதிகள் அமரும் மண்டபத்துக்கு ஏற்ற வளைவுகளும் மினார்களும், மருந்துப் புட்டிகளும் சோடாவும் விற்கும் இடத்துக்குப் பொருந்துமா என்று கேட்பார் கேட்கலாம். ஆனால் அந்நாளில் அண்ணா சாலைக்கு மௌண்ட் ரோடு என்று பெயர். அதிலே கடை நடத்திய வெள்ளையர் பலருக்கும் இந்த ஆடம்பரம் இயல்பாயிருந்தது. கடிகாரமும் நகையும் விற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ் 1879-இலேயே சிஷோம் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு மாளிகை கட்டிக்கொண்டனர். புத்தக வணிகரான ஹிக்கின்பாதம்ஸ் 1904-இல் தமக்கொன்று கட்டினர். விளம்பரத் தட்டியைக் காட்டிலும் முகப்பே வாடிக்கைக்காரரை இழுக்கும் என்பதே அவர்களுடைய நம்பிக்கை. மூலை மனையில் நின்ற ஸ்மித் கம்பெனிக்கு அது இரு சாலைகளிலும் வேலை செய்தது.

செஞ்செங்கல் சுவரும் வளைவுகளையுடைய தாழ்வாரங்களும் அழகுக்காக மட்டும் ஏற்பட்டவையல்ல. சென்னை வெயில் நேராக உள்ளே புகாமல் தடுத்து, காற்றை மட்டும் அனுமதிக்கும் ஆழமான தாழ்வாரம் இல்லாவிட்டால், மருந்துச் சரக்குக்கும் ஆளுக்கும் ஒருங்கே கேடு. சூடு தணிக்க அக்காலத்துக் கொத்தர் கைக்கொண்ட மற்றொரு உபாயம் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்தாகவும் குறுக்குச் சாய்வாகவும் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்திட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்துப் பெண்கள் வரிசையாய் அமர்ந்து நாட்கணக்கில் தட்டி இறுக்கிய தளம் அது.

1934-இல் கட்டடம் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வசமாயிற்று. 1956-இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசவுடைமையானபோது ஆயுள் காப்பீட்டுக் கழகம் அதன் உரிமையைப் பெற்றது; 1959-இல் அதே சாலையில் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. அடுக்குமாளிகையும் அக்கழகத்துக்குரியதே. சிதிலமான பழைய மாளிகையை 2006-இல் அக்கழகம் இடிக்க முற்பட்டபோது, கலை, பண்பாட்டு மரபைக் காக்கும் இன்டாக் சங்கம் வழக்குத் தொடுத்தது. ஸ்டீபன்ஸ் கட்டடப் பணி புரிந்த அதே உயர்நீதிமன்றம், 2010 ஏப்ரலில், அவருடைய மற்றக் கட்டடத்தை இடிக்கலாகாதெனத் தீர்ப்பளித்து, மரபுக் கட்டடங்களைப் பேணக் குழு அமைக்கவும் பணித்தது. 2012-இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. இடிப்பைத் தடுக்கத் தீர்ப்பு போதியதாயினும் பழுதுபார்ப்பதற்கு அது போதவில்லை. தீர்ப்புக்குப் பின்னும் நெடுங்காலம் கட்டடம் செப்பனிடப்படாமலே கிடந்தது.