ஏற்பி இல்லாத திசுவே சாட்சி: கலானின் ஏற்பி எதிர்ப்பொருள்களும் திருப்பதி ஆய்வகங்களும்

நரம்புப்பெப்டைடு ஏற்பி ஒன்றைக் காட்டித் தருவதாக விற்கப்படும் எதிர்ப்பொருளை நம்பலாமா என்பதற்கு விடை, குப்பியோடு வரும் தரவுத்தாளில் இல்லை. அந்த ஏற்பியே இல்லாத திசுவில்தான் இருக்கிறது.

1983இல் டட்டெமோட்டோ, முட் குழுவினர் பன்றிக் குடலிலிருந்து பிரித்தெடுத்த கலானின் என்ற நரம்புப்பெப்டைடுக்கு மூன்று ஏற்பிகள் உண்டு. மூன்றும் செல் சவ்வை ஏழு முறை ஊடுருவுபவை. திசுவில் சொற்பமாகவே இருப்பவை. இத்தகைய ஏற்பியை முழுமையாக, வடிவம் குலையாமல் எடுப்பது கடினம். எனவே எதிர்ப்பொருளைப் பெற, அதன் ஒரு சிறு பெப்டைடுத் துண்டை மட்டும் செயற்கையாகச் செய்து முயலுக்கு ஊசி போடுவது வழக்கம். துண்டை அறிந்த எதிர்ப்பொருள் முழு ஏற்பியையும் அறியும் என்றோ, வேறு புரதத்தில் ஒட்டாது என்றோ எந்த உறுதியும் கிடையாது.

2009இல் லூ, பார்ட்ஃபாய் இருவரும் முதல் இரண்டு ஏற்பிகளுக்குமான எதிர்ப்பொருள்களை, அந்தந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளில் சோதித்தனர். எதிர்ப்பொருள் ஒட்டிய இடத்தைக் காட்டும் சாயம், இயல்பான எலியில் தெரிந்ததுபோலவே ஏற்பியற்ற எலியிலும் தெரிந்தது. 2012இல் ஆஞ்சியோடென்சின் ஏற்பி எதிர்ப்பொருள்களுக்கும் பெனிக்கி குழுவினர் ஏறத்தாழ இதே தீர்ப்பை எழுதினர்.

ஆய்வேடுகளில் பெரிதும் சான்றாக வைக்கப்படும் சோதனை வேறு: எதிர்ப்பொருளை அதன் பெப்டைடோடு முன்பே கலந்துவிட்டால் சாயம் மறைகிறது, ஆகவே அது துல்லியமானது என்பார்கள். எனக்கு இது வாதமாகவே தோன்றவில்லை. பிணைப்பிடம் பெப்டைடால் அடைபட்டால் சரியான ஒட்டுதலோடு தவறான ஒட்டுதலும் சேர்ந்தே மறையும். வெஸ்டர்ன் பிளாட்டில் எதிர்பார்த்த எடையில் கூர்மையான பேண்டு விழுவதும் அப்படித்தான். மாதிரியைக் கொதிக்கவைத்தால் இவ்வகை ஏற்பிகள் திரண்டு ஜெல்லின் மேற்புறமே நின்றுவிடுவதுண்டு. சர்க்கரைச் சங்கிலிகளால் பேண்டு பரவலாக விழுவதும் உண்டு. அளவுக்கு மீறி அழகான பேண்டைக் கண்டால் சந்தேகப்படுவதே நல்லது.

மரபணு நீக்கிய எலிக்குச் சிறு துறைகள் எங்கே போகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஏற்பி மரபணுவைப் புகுத்திய செல்களையும் புகுத்தாத செல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க அவ்வளவு செலவாகாது. இதில் தேறிய எதிர்ப்பொருள் மூளைத் திசுவிலும் தேறும் என்று சொல்ல முடியாது. ஆனால் தோற்றதைத் தயங்காமல் ஒதுக்கலாம். திசுவில் ஏற்பியின் ஆர்.என்.ஏ. எங்கே இருக்கிறது என்று தனியே பார்ப்பதும், கதிரியக்கக் குறியிட்ட கலானின் எங்கே பிணைகிறது என்று பார்ப்பதும் இன்னும் வலுவான சான்றுகள்.

இந்தச் செல் சோதனையை ஒவ்வொரு துறையும் தனித்தனியே செய்ய வேண்டியதில்லை. ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் (1954), ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனம், கால்நடைப் பல்கலைக்கழகம், 2015இல் தொடங்கிய ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) ஆகிய அனைத்தும் திருப்பதியிலும் அதையொட்டியும் இருக்கின்றன. 2022இல் மாவட்டம் பிரியும்வரை இவை சித்தூர் மாவட்டத்து நிறுவனங்களாகவே இருந்தன. இவை கூடி, ஏற்பி மரபணு புகுத்திய, புகுத்தாத செல்களுக்கு ஒரு பொதுச் செல் வங்கி வைத்தால் சித்தூர்க் கல்லூரி மாணவரும் அதைப் பயன்படுத்தலாம். அதுவரை ஆய்வேட்டுத் தேர்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எதிர்ப்பொருளின் பட்டியல் எண்ணும் தொகுதி எண்ணும், ஏற்பியற்ற செல்லில் செய்த சோதனைப் படமும் இல்லாத அத்தியாயத்தைத் திருப்பி அனுப்புங்கள்.